ஆற்றோரக் காலி நிலத்துக்கு எந்தப் பூங்கா பொருந்தும்?

சென்னையில் அடையாற்றின் கரையோரமாக, சைதாப்பேட்டையிலிருந்து ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், நந்தம்பாக்கம் என்று மேற்கே போனால், ஆற்றுக்கும் கடைசித் தெருவுக்கும் நடுவில் துண்டு துண்டாகக் காலி இடங்கள் கிடப்பதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் கட்டட இடிபாடு குவிந்திருக்கும். இன்னோரிடத்தைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கும். வேறோரிடத்தில், அண்மைக்காலம் வரை வீடுகள் இருந்ததற்கு அடையாளமாகச் சிமென்ட் தரையும் முறிந்த குழாயும் எஞ்சியிருக்கும். இப்படி ஓர் அரை ஏக்கரைச் சுத்தம் செய்து பூங்காவாக்கலாம் என்ற பேச்சு எழுந்தவுடன், எவ்வளவு நிதி, எப்போது திறப்பு விழா என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. எப்படிப்பட்ட பூங்கா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்கான விடை மதிப்பீட்டுத் தாளில் ஏற்கெனவே இருக்கிறது: சுற்றுச்சுவர், இரும்பு கேட், பேவர் பிளாக் நடைபாதை, புல்தரை, உடற்பயிற்சிக் கருவிகள், முகப்பில் ஒரு வளைவு.

அரை ஏக்கர் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒன்பது கிரவுண்ட். நெருக்கடியான ஆற்றங்கரைத் தெருக்களில் இது சாதாரணச் சொத்தல்ல. 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வார்டுகளும் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சி 700-க்கும் மேற்பட்ட பூங்காக்களை வைத்திருக்கிறது. அவற்றில் பல, மனைப்பிரிவு போடும்போது திறந்தவெளிக்கென ஒதுக்கிய நிலங்களில் வந்தவை. மனைப்பிரிவே போடாமல் தானாக வளர்ந்த குடியிருப்புகளுக்கு அப்படி எதுவும் ஒதுக்கப்படவில்லை. அந்தக் குடியிருப்புகள்தான் ஆற்றை ஒட்டி அதிகம் இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய திறந்தவெளி பெரும்பாலும் இந்தக் கரை நிலம் ஒன்றுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றோரப் பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் கூடாது. அது தெருவைவிடத் தாழ்வாகவும், எந்நேரமும் திறந்தும், வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மற்ற யோசனைகளிலும் நல்ல அம்சங்கள் உண்டு. அவற்றை எடைபோட்டுப் பார்த்த பிறகும் நான் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

அந்த இடம் எப்படிக் காலியானது?

எந்தப் பூங்கா என்று யோசிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றங்கரையில் நிலம் சும்மா காலியாக இருப்பதில்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

ஒன்று, அங்கே குடியிருந்தவர்கள் அகற்றப்பட்டிருப்பார்கள். கூவம் சீரமைப்புத் திட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் இதுவே நடந்தது. ஆற்றுக்கு வழி வேண்டும், வெள்ளம் வந்தால் உயிருக்கு ஆபத்து என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். அது உண்மையென்றால், வீடு நிற்கக் கூடாத இடத்தில் சுவரும் நிற்கக் கூடாது. ஒரு குடும்பத்தைத் தண்ணீரின் பெயரால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட் மேடை போட்டு வேறொருவர் மாலை நடைக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கரையில் இன்னும் வசிப்பவர்களை அகற்றினால்தான் பூங்கா வரும் என்றால், அந்தப் பூங்கா வேண்டாம்.

இரண்டாவது, ஆற்றின் விளிம்பையே லாரி லாரியாக இடிபாடு கொட்டித் தூர்த்திருப்பார்கள். டவுன் சர்வே வரைபடத்தை வாங்கி, களத்தில் நாடா பிடித்து அளந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். வரைபடத்தில் ஆறு என்று இருக்கும் இடம் காலடியில் மேடாக இருந்தால், அது காலி நிலம் அல்ல. ஆற்றின் ஒரு பகுதி. அதன்மேல் பூச்செடி வைத்தால் ஆக்கிரமிப்புக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகும். கொட்டியதை முதலில் அள்ளி எடுக்க வேண்டும். பிறகு மிஞ்சும் கரை எவ்வளவு என்று பார்த்துத்தான் பூங்காவைப் பற்றிப் பேச முடியும். இந்த நிலங்கள் பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்கு. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் மாநகராட்சி அங்கே ஒரு பெஞ்ச்கூடப் போட முடியாது. எனவே அளவீடு எப்படியும் தேவைப்படும். அதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

சுவர் வைத்த பூங்கா

இந்த வகையை விரும்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. முதியவர்களுக்குச் சமதளமான நடைபாதை கிடைக்கும். காவலாளி இருப்பதால் பெண்கள் தைரியமாக உட்காருவார்கள். குழந்தை ஓடி ஆற்றில் இறங்கிவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர் இருந்தால் இடிபாடு லாரி உள்ளே வர முடியாது. கரையோரத்தில் வசிப்பவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணத்தின் அருமை தெரியும். சுவர் எழுப்பாத இடத்தில் ஒரே இரவில் பத்து லோடு கொட்டிவிடுவார்கள்.

ஆனால் அந்தச் சுவர் மழைக்காலத்தில் செய்வதைப் பாருங்கள். தெருவில் பெய்யும் மழை ஆற்றுக்குத்தான் போக வேண்டும். முன்பு அது கரை முழுவதும் பரவலாக வழிந்து இறங்கியது. சுவர் வந்ததும், அடியில் விட்ட ஆறங்குலக் குழாய்கள் வழியாகத்தான் இறங்க முடியும். பிளாஸ்டிக் பையும் இலைச் சருகும் சேர்ந்து முதல் மழையிலேயே அந்தக் குழாயை அடைத்துவிடும். ஆற்றில் நீர்மட்டம் உயராத சாதாரண மழையிலும் கடைசித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆறே பெருகி வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெள்ளத்தைத் தடுக்காது. ஆனால் வடியும் நேரத்தில் உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே விடாது. ஒரு பக்கத்துத் தண்ணீரின் பாரம் தாங்காமல் சாயவும் செய்யும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற தெருக்களில் வசித்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று நேரக்கட்டுப்பாடு. சுவரும் கேட்டும் இருந்தால் பூட்டும் இருக்கும். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் திறந்துவிட்டு, வெயில் உச்சியில் இருக்கும்போது மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே, நடைமேடை விளிம்பில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து சாப்பிடும் தூய்மைப் பணியாளர்களைப் பார்க்கலாம். உள்ளே மரத்தடி பெஞ்சுகள் காலியாக இருக்கும். சென்னையில் மரநிழல் மிகவும் தேவைப்படுவது காலை ஆறு மணிக்கு அல்ல, மதியம் ஒரு மணிக்கு.

லாரியைத் தடுக்கச் சுவர் அவசியமே இல்லை. மூன்றடி இடைவெளியில் இடுப்புயரக் கருங்கல் தூண்களை நட்டால் போதும். லாரி நுழையாது. மனிதர்கள் நுழையலாம், சக்கர நாற்காலி நுழையலாம், தண்ணீர் தடையின்றி வெளியேறலாம். செலவும் சுவரைவிடக் குறையும்.

அடர்வனம்

சில ஆண்டுகளாக மியாவாக்கி முறைதான் எல்லோரும் சொல்லும் தீர்வு. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை இது. மண்ணைப் பண்படுத்தி, சதுர மீட்டருக்கு மூன்று கன்றுகளாவது நெருக்கி நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றிக் களையெடுத்தால், பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கில் அரை ஏக்கருக்குச் சுமார் 6,000 கன்றுகள் தேவை. சென்னையில் கோட்டூர்புரத்தில் குப்பை குவிந்து கிடந்த நிலத்தில் மாநகராட்சி இப்படியொரு காட்டை வளர்த்தது. குப்பை கொட்டுவதை அது உண்மையிலேயே நிறுத்தியது. பட்டாம்பூச்சியும் பறவைகளும் வந்தன. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இதற்கு எளிதாகக் கிடைக்கிறது.

ஆனால் அது பூங்கா அல்ல. ஆறாயிரம் மரங்கள் நெருக்கி நிற்கும் இடத்தில் ஒரு குழந்தை பந்து உருட்ட முடியாது, நான்கு பேர் கேரம் போர்டு போட்டு உட்கார முடியாது. அந்தி சாய்ந்த பிறகு அந்த இருட்டைக் கடந்துபோகப் பெண்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆற்றோரம் என்பதால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வெள்ளம் ஓடும் பாதையில் தண்டுகள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால், மிதந்து வரும் துணியும் பிளாஸ்டிக்கும் அதில் சிக்கி ஓர் அணைபோல் ஆகிவிடும். இந்தக் கடற்கரைச் சமவெளியின் இயற்கையான காடும் அவ்வளவு நெருக்கமானதல்ல. குட்டை மரங்களும் புதர்களும் கலந்து வளரும் உலர் பசுமைமாறாக் காடு அது.

அதனால் அடர்வனத்தை முழுவதுமாக ஒதுக்கச் சொல்லவில்லை. நிலத்தின் மேட்டுப் பக்கத்தில், தெருவை ஒட்டிய ஒரு ஓரத்தில், ஒரு கிரவுண்ட் அளவுக்கு வைக்கலாம். ஒன்பது கிரவுண்டையும் அதற்கே கொடுக்கக் கூடாது.

பெரிய ஆற்றுமுகப்புத் திட்டங்கள்

அகமதாபாத்தில் சபர்மதியின் இரு கரைகளையும் கட்டியெழுப்பியதை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இங்கே உண்டு. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அகலம் மாறி மாறி ஓடிய ஆற்றை 263 மீட்டர் என்ற ஒரே அகலத்துக்குள் சுவரெழுப்பி அடக்கித்தான் அந்த நிலத்தை எடுத்தார்கள். அங்கே நிற்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. கரையிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மதுரையில் வைகையின் இரு பக்கமும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தடுப்புச்சுவரும் சாலையும் வந்தபோது, ஆறு குறுகிவிட்டது என்ற குரல் எழுந்தது. அரை ஏக்கர் பூங்காவுக்கு இந்த வழி பொருத்தமானதே அல்ல. ஒரு தெருக்காரர்கள் முடிவெடுத்துப் பராமரிக்கக்கூடிய அளவும் அல்ல.

தாழ்ந்து நிற்கும் பூங்கா

சிங்கப்பூரின் பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அந்தக் கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். மழை இல்லாத நாளில் மக்கள் நீரோரம் வரை இறங்கி உட்காருகிறார்கள். மழை வலுத்தால் பூங்காவின் ஒரு பகுதி ஆறாகிவிடும். நீர்மட்டம் ஏறுவதை உணர்கருவிகள் கண்டதும் சைரனும் சிவப்பு விளக்கும் எச்சரிக்கும். அந்தப் பூங்கா 62 ஹெக்டேர். நம்முடையது அரை ஏக்கர். ஆனாலும் அடிப்படை எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்: பூங்காவும் வெள்ளப் பாதையும் ஒரே நிலமாக இருக்க முடியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பூங்கா ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு எளிது. அரை ஏக்கரை ஓரடி தாழ்த்தினால் அதில் 21,780 கன அடி தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்டது விநாடிக்கு 29,000 கன அடி. வழியில் மற்ற ஏரிகளின் உபரி நீரும் அதனுடன் சேர்ந்தது. நம் பூங்கா அந்த வெள்ளத்தில் ஒரு விநாடிக் கொள்ளளவுகூட இல்லை. அதுபோன்ற வெள்ளத்தின்போது அது செய்யக்கூடிய ஒரே உதவி, குறுக்கே நிற்காமல் இருப்பது.

ஆண்டுதோறும் பெய்யும் மழையில் அதன் பலன் வேறு. அந்த 21,780 கன அடி என்பது ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர். சுற்றியுள்ள மூன்று ஏக்கர் தெருவிலும் கூரையிலும் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையில் அப்படிப்பட்ட மணி நேரங்கள் நமக்குப் பழக்கமானவை. முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்தோ, கடலில் ஓதம் ஏறியோ ஆறு தண்ணீரை வாங்க மறுக்கும் சில மணி நேரத்துக்கு, வீட்டு வாசலில் நிற்கவேண்டிய தண்ணீர் பூங்காவில் போய் நிற்கும். மாநகராட்சியே அண்மைக் காலத்தில் பல பூங்காக்களில், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சித் தேக்கும் ‘ஸ்பாஞ்ச்’ குளங்கள் வெட்டி வருகிறது. ஆற்றங்கரையில் இந்த யோசனை இன்னும் நன்றாகப் பொருந்தும்.

இதற்குத் தேவையானவை அதிகமில்லை. தெருப் பக்கம் தண்ணீர் இறங்கும் இடத்தில், மண்ணையும் குப்பையையும் பிடிக்க ஒரு வண்டல் தொட்டி. ஆற்றுப் பக்கம் வெளியேறும் குழாயில், ஆற்றுநீர் எதிர்த்து ஏறாதபடி தானே மூடிக்கொள்ளும் ஒருவழி மடைக்கதவு. கரைச் சரிவில் வெட்டிவேரும் நாணலும் நொச்சியும். அவற்றின் வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். மேலே நிழலுக்குப் பூவரசு, புங்கை, நாவல், நீர்மருது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது மயில்கொன்றையும் இயல்வாகையும் தெருத்தெருவாகச் சாய்ந்ததைப் பார்த்த பிறகும் அவற்றைத் தேடி நடக் கூடாது. நடுவில் கபடிக்கும் கைப்பந்துக்கும் போதுமான ஒரு மண் மைதானம். அதுதான் மழைக்காலக் குளம். உட்காரக் கருங்கல் பலகைகள் போதும், மூழ்கினால் கெடாது. விளக்கின் மின்பெட்டியை 2015 வெள்ளக் குறிக்கு மேலே வைக்க வேண்டும். ஆற்று விளிம்பில் மட்டும் குழந்தைகளுக்காக இடுப்புயரக் கம்பித் தடுப்பு வேண்டும். அதன் வழியே தண்ணீர் தாராளமாகப் போய்வரும்.

குறை இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் வெள்ளம் வடிந்ததும் புல் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். நம் ஆற்றில் சாக்கடை கலக்கிறது. வெள்ளம் வடிந்தால் நம் பூங்காவில் கறுப்புச் சேறு ஒரு படலமாகப் படிந்திருக்கும். அதை ஒரு வாரத்துக்குள் வழித்தெடுத்து, பிளீச்சிங் பவுடர் தூவி, மைதானத்துக்குப் புது மண் போடாவிட்டால், அந்த ஆண்டு யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். கொசுவும் பெருகும். தண்ணீர் இரண்டு நாளைக்குமேல் தேங்காதபடி மைதானத்தின் சரிவை அமைத்தாக வேண்டும். தெருவின் மழைநீர் வடிகாலில் யாராவது கழிவுநீர் இணைப்பு கொடுத்திருந்தால், முதலில் அதைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் நாம் வெட்டுவது பூங்கா அல்ல, சாக்கடைக் குட்டை. இந்த வேலைகளுக்கு ஆளும் பணமும் உண்டா என்று தெரியாமல் இந்த வகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

காய்கறித் தோட்டம் போடலாம் என்று நல்ல மனத்துடன் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்து ஆற்றங்கரை மண்ணில் கீரை விளைவித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. பல ஆண்டுக் கழிவும் இடிபாடும் ஊறிய மண் அது. தோட்டத்துக்கு மொட்டைமாடியே மேல்.

எதுவும் செய்யாமல் விடவேண்டிய இடங்களும் உண்டு. ஓதம் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதியில், அலையாத்தி தானாக முளைக்கும் சேற்று விளிம்பில், பூங்கா என்ற பேச்சே வேண்டாம். அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகில் 58 ஏக்கரை மீட்டெடுத்து 2011 ஜனவரியில் திறந்த தொல்காப்பியப் பூங்கா, நினைத்த நேரத்தில் புகுந்து விளையாடும் இடமாக அமைக்கப்படவில்லை; மாணவர்கள் குழுவாகப் போய் இயற்கையைக் கற்கும் இடமாகவே அமைந்தது. முகத்துவாரத்துக்கு அது சரியான முடிவு.

யார் பார்த்துக்கொள்வது?

பூங்காவின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். ஒப்பந்ததாரரிடம் விட்டால், ஒப்பந்தத்தில் எழுதியது மட்டும் நடக்கும். புல் வெட்டுவார்கள், சேறு அள்ள மாட்டார்கள். நிறுவனம் தத்தெடுத்தால் பலகை பெரிதாக இருக்கும், நிதி எத்தனை ஆண்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. குடியிருப்போர் சங்கம் எடுத்துக்கொண்டால் ஆர்வம் இருக்கும். ஆனால் சங்கத்தில் இல்லாத வாடகைக்காரர்களும் கரையோரக் குடிசைக்காரர்களும் விளையாட வந்தால் முகம் சுளிப்பவர்கள் உருவாவார்கள். மாநகராட்சி, சம்பளத்துக்கு அந்தத் தெருக்களிலிருந்தே ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் முழுநேரப் பணிக்கு வைத்து, மேற்பார்வையை வார்டின் பகுதி சபைக்குக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பகுதி சபையில் சங்க உறுப்பினர் என்ற தகுதி தேவையில்லை, வாக்காளராக இருந்தால் போதும். சுவருக்குச் செலவிடாத பணத்தில் இந்த இருவரின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டலாம். கூடவே ஒரு கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத பூங்காவில் பெண்களால் ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்க முடியாது.

தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில், செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். வசதியுள்ள தெருக்களுக்கு இது நல்ல வழி. கூலி வேலை செய்பவர்கள் வசிக்கும் கரையோரத்தில் இதை நிபந்தனையாக வைத்தால், பூங்கா மறுபடியும் வசதியானவர்கள் பக்கமே போய்ச் சேரும். அங்கே முழுச் செலவையும் மாநகராட்சியே ஏற்க வேண்டும்.

சிறிதாகத் தொடங்குவதில் குறைவில்லை. நியூயார்க்கில் பிராங்க்ஸ் ஆற்றின் கரையில், பழைய இரும்புக் கிடங்கை ஒட்டிய தெருமுனை ஒன்று குப்பைமேடாகக் கிடந்தது. 10,000 டாலர் விதைத்தொகையை வைத்து அந்தப் பகுதி மக்கள் முதலில் அதைச் சுத்தம் செய்து, ஆற்றை நெருங்க ஒரு வழி உண்டாக்கினார்கள். மக்கள் வரத் தொடங்கினார்கள். பிறகுதான் நகர நிர்வாகத்தின் பெருநிதி வந்தது. 2007-இல் ஹண்ட்ஸ் பாயின்ட் ஆற்றோரப் பூங்காவாக அது முறையாகத் திறக்கப்பட்டது. அதன் பரப்பும் ஒன்றரை ஏக்கருக்குள்தான்.

இங்கேயும் அப்படிச் செய்யலாம். முதல் ஆண்டில் இடிபாட்டை அள்ளி, தூண்களை நட்டு, இருபது பூவரசும் புங்கையும் வைத்து, வேறெதுவும் கட்டாமல் விடுங்கள். எந்தப் பக்கமிருந்து மக்கள் குறுக்கே நடக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள், பெண்கள் எந்த மரத்தடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெருமழை பெய்யும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் எங்கே நுழைந்தது, எதுவரை ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று தூண்களில் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். ஜனவரியில் கூடும் பகுதி சபையில், அந்தக் குறிகளை எடுத்து வைத்துக்கொண்டு மதிப்பீட்டைத் தயாரிக்கச் சொல்லலாம்.